எரிந்த கப்பலில் மாலுமிகளும் இருந்தார்கள்: ஓர் அருங்காட்சியகத்துக்குத் திறந்த மடல்

அருங்காட்சியக நிர்வாகக் குழுவினருக்கும், ஃபாக்லாந்துப் போர்க் கண்காட்சியை அமைத்துவரும் பொறுப்பாளர்களுக்கும்,

1982ல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில் எரிந்த சர் கலஹாட் கப்பலைப் பற்றிய பலகையின் வாசகம் முடிவாகிவிட்டது, இனி அதில் திருத்தம் கிடையாது என்று நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்தேன். பார்வையாளர்கள் ஒரு பலகை முன்னால் நிற்பது சில விநாடிகள்தான். எழுத்து கூடினால் படிக்காமலே நகர்ந்துவிடுவார்கள். பெயர் போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? இவை நீங்கள் சொன்ன காரணங்கள். உங்கள் கூடத்தில் சனிக்கிழமைகளில் தன்னார்வ வழிகாட்டியாக நிற்கிறவன் நான். முதல் இரண்டும் உண்மை என்பதை நானே கண்ணால் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் போடப்போகும் கொஞ்ச எழுத்தே தப்பாக இருக்கும்போது, எழுத்து கூடுகிறதா குறைகிறதா என்று பேசிப் பயனில்லை.

இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வந்து சேர்ந்திருக்கும். தமிழிலும் வெளியிடக் காரணம் உண்டு. பிரிட்டனின் இந்தத் துறைமுக நகரத்தில் வாழும் எங்கள் ஆட்களில் பலர் கப்பலில் வேலை பார்த்தவர்கள், இல்லாவிட்டால் கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் கண்காட்சியைப் பார்க்கக் குடும்பத்தோடு வரப்போகிறவர்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

பலகையில் இருப்பது இரண்டே வாக்கியம். 1982 ஜூன் 8 அன்று அரச கடற்படைக் கப்பலான சர் கலஹாட் அர்ஜென்டின விமானங்களின் குண்டுவீச்சில் தீப்பிடித்தது என்பது ஒன்று. படையினர் உரிய நேரத்தில் கரையிறங்கத் தவறியதால் 48 வீரர்கள் இறந்தார்கள் என்பது மற்றொன்று. தேதி சரி. குண்டு வீசியவர்கள் சரி. மீதியில் கப்பலைப் பற்றி ஒரு தப்பு, செத்தவர்களைப் பற்றி ஒரு தப்பு, காரணத்தைப் பற்றி ஒரு தப்பு.

முதலில் கப்பல். சர் கலஹாட் அரச கடற்படையின் கப்பல் இல்லை. அது ராயல் ஃப்ளீட் ஆக்ஸிலியரி என்ற துணைக் கப்பல் அணியைச் சேர்ந்தது. சொந்தக்காரர் பாதுகாப்பு அமைச்சகம். ஓட்டுகிறவர்கள் சிவிலியன் மாலுமிகள். கிளாஸ்கோ லின்ட்ஹவுஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன் கட்டுந்தளத்தில் 1966ல் தண்ணீரில் இறங்கியது. முகப்பில் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டுக்கும் நடுவே டாங்கிகள் ஏறி நிற்க ஒரு நீண்ட தளம். மேலே ஹெலிகாப்டர் இறங்கும் இடம். கார் ஏற்றும் ஃபெர்ரியில் போனவர்களுக்கு அமைப்பு உடனே புரியும். படையையும் அதன் வண்டிகளையும் கரை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அதன் வேலை. தற்காப்புக்கு இருந்தவை பழைய போஃபர்ஸ் பீரங்கிகள். இதைப் போர்க்கப்பல் என்று படிக்கிற பார்வையாளர், ‘போர்க்கப்பல் என்றால் குண்டு விழத்தானே செய்யும்’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவார்.

இந்த வகைக் கப்பல்கள் முதலில் தரைப்படைக்காகக் கட்டப்பட்டவை. 1970ல் துணைக் கப்பல் அணிக்கு மாறும்வரை அவற்றை நடத்தியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் பிறந்த எனக்கு இந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இவர்களை எதிர்த்துத்தான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எங்கள் ஜனங்களை ஏற்றிப்போன ரஜூலாவும் இவர்கள் கப்பல்தான். கலஹாட் தாக்கப்பட்ட ஃபிட்ஸ்ராய் கரையோரத்தில் தீயில் வெந்தவர்கள் பிறகு கொண்டுபோகப்பட்ட மருத்துவக் கப்பல் உகாண்டாவும் 1952ல் இதே கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. ஆசியக் கடலோடிகளின் உழைப்பில் வளர்ந்த கம்பெனி அது. இதெல்லாம் பலகையில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கப்பலின் கதையில் ஆசிய மாலுமி வந்துபோன விருந்தாளி இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, 48 வீரர்கள். 48 என்ற எண்ணிக்கை சரி. அதில் 43 பேர் தரைப்படையினர்; அவர்களில் 32 பேர் வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவினர். மீதி ஐந்து பேர் கப்பல்காரர்கள். மூன்று பேர் எஞ்சின் பகுதி அதிகாரிகள்: பால் ஹென்றி, கிறிஸ்டஃபர் ஹெயில்வுட், ஆண்ட்ரூ மாரிஸ். இரண்டு பேர் ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள்: எலக்ட்ரிகல் ஃபிட்டர் லியுங் சாவ், கப்பல் சமையற்கட்டில் இறைச்சி வெட்டும் வேலை பார்த்த சுங் யுக் ஃபாய். பக்கத்திலேயே நங்கூரமிட்டிருந்த சர் டிரிஸ்ட்ரம் கப்பலிலும் அதே தாக்குதலில் இரண்டு ஹாங்காங் மாலுமிகள் இறந்தார்கள்: தளத்து மாலுமிகளின் தலைவரான போசன் யூ சிக் சீ, மாலுமி யியுங் சுய் காம். உங்கள் பலகையில் சர் டிரிஸ்ட்ரம் என்ற பெயரே இல்லை.

நானும் எலக்ட்ரிகல் ஃபிட்டராகத்தான் முதலில் கப்பலேறினேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு, பம்ப் மோட்டார், கிரேன், குளிர்பதனம், விளக்கு, அலாரம், எது நின்றாலும் கூப்பிடுவது ஃபிட்டரைத்தான். போர்க்காலமானாலும் அதே வேலை. மேலே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. கப்பலின் அடிவயிற்றில் எஞ்சின் சத்தத்தில் வெளியுலகம் காதில் விழாது. ஏதோ மோதியது என்று உடம்புக்குத் தெரிந்து, அது என்ன என்று புரிவதற்குள் விளக்கு அணைந்துவிடும். புகை வந்துவிடும்.

எங்கள் கப்பல் ஒன்றில், எரிபொருள் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபயர் அறையில் தீப்பிடித்தது. எரிபொருள் குழாயில் கசிந்த எண்ணெய் சூடான இரும்பில் பட்டுப் பற்றிக்கொண்டது. இந்த விபத்து கப்பல்களில் அபூர்வம் அல்ல. எங்களைக் காப்பாற்றியவர் குளச்சல்காரர் ஒருவர், எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் மோட்டார்மேன். அவர் ஓடிப்போய் எரிபொருள் வால்வுகளைச் சட்டென்று மூடாமல் இருந்திருந்தால் இன்று இந்த மடல் இல்லை. விசாரணை முடிந்து கம்பெனி அனுப்பிய அறிக்கையில் கேப்டன் பெயர் இருந்தது, சீஃப் எஞ்சினியர் பெயர் இருந்தது, சர்வேயர் பெயர்கூட இருந்தது. எங்கள் குளச்சல்காரர் அதில் ‘ஒரு சிப்பந்தி’. அவர் அதைப் படித்துவிட்டு, ‘சரி, ஆள் செத்தாலும் இப்படித்தான் எழுதுவான்போல’ என்றார். நாங்கள் சிரித்தோம். உங்கள் பலகையைப் பார்த்த அன்று அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் பெயர் தெரியாமல் யாரும் கப்பலில் இருக்க முடியாது. துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் க்ரூ லிஸ்ட் போட்டாக வேண்டும். கேப்டனிலிருந்து சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற பையன் வரை ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி: பெயர், பதவி, பிறந்த தேதி, நாடு. ஆகவே ‘தகவல் கிடைக்கவில்லை’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. லண்டன் புனித பால் தேவாலயத்தின் நிலவறையில் அந்தப் போரில் உயிர்விட்ட பிரிட்டிஷ் தரப்பினரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஃபிட்ஸ்ராய் கடற்கரையிலேயே நினைவுக் கற்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 255 பேர்; அவர்களில் எட்டுப் பேர் ஹாங்காங் சீனர்கள். கலஹாட்டில் இருவர், டிரிஸ்ட்ரமில் இருவர், மீதி நால்வர் ஷெஃபீல்ட், கவன்ட்ரி, அட்லாண்டிக் கன்வேயர் கப்பல்களில். இதை உங்கள் அலுவலகத்திலிருந்தே ஒரு பிற்பகலில் சரிபார்த்துவிடலாம்.

பால் ஹென்றி விஷயத்துக்கு வருகிறேன். குண்டு விழுந்தபோது அவர் எஞ்சின் கட்டுப்பாட்டு அறையில் சிக்கிக்கொண்டார். புகை நிறைந்துவிட்டது. அங்கே ஒருவர் தப்பிக்கப் போதுமான சுவாசக் கருவி இருந்தது. அதைத் தன்னைவிட இளைய அதிகாரியிடம் கொடுத்து, போ என்று அனுப்பிவிட்டார். அந்த இளைஞர் பிழைத்தார். ஹென்றிக்கு இறப்புக்குப் பின், வீரச்செயலுக்குப் பிரிட்டன் தரும் ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். அந்தக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தவர்களுக்குத்தான் இது என்ன செயல் என்று முழுதாகப் புரியும். சிலிண்டரில் இருப்பது சுமார் அரை மணி நேரக் காற்று. பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதைவிடச் சீக்கிரம் தீரும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தருவது, முதலில் உன் முகமூடியை மாட்டு என்பதுதான். பயிற்சி தெரிந்த ஒரு மனிதர் தெரிந்தே அதை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார்.

அதே கப்பலில் உயிரோடு மீண்டவர் சியு யியு நாம் என்ற ஹாங்காங் மாலுமி. தீயணைப்புக் குழுவைச் சேர்ந்தவர். தீ தாங்கும் உடையை மாட்டிக்கொண்டு, வெடிமருந்தும் பெட்ரோலும் எரிந்துகொண்டிருந்த உட்பகுதிக்குள் மறுபடி மறுபடி போய் அடிபட்ட படையினரை இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் ஜார்ஜ் மெடல் கிடைத்தது. ஒரே கப்பலில், ஒரே நாளில், மாலுமிகளுக்கு இரண்டு ஜார்ஜ் மெடல். உங்கள் கூடத்தில் பதக்கங்களுக்கென்றே ஒரு கண்ணாடிப் பேழை வைக்கப்போகிறீர்கள். அதற்கான பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். இந்த இரண்டைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரன் கலஹாட் யார் என்பதற்கு மட்டும் ஓவியத்தோடு தனிப் பலகை இருக்கிறது. கற்பனை வீரனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நல்லது.

மூன்றாவது தப்புதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. ‘படையினர் உரிய நேரத்தில் கரையிறங்கத் தவறியதால்.’ இந்த ஒரு தொடரை எதிர்த்து வெல்ஷ் கார்ட்ஸ் முன்னாள் வீரர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போராடியிருக்கிறார்கள். அது தெரிந்து எழுதினீர்களா, தெரியாமல் எழுதினீர்களா என்று எனக்குப் புரியவில்லை. நடந்த வரிசையைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் படை கரையிறங்கியிருந்த சான் கார்லோஸிலிருந்து கிழக்கே, தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியை நோக்கிப் படையை நகர்த்த வேண்டும். நடந்து போகத் தூரம் அதிகம். ஹெலிகாப்டர்கள் போதாது, சினூக் ஹெலிகாப்டர்களில் ஒன்றைத் தவிர மற்றவை மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் சரக்குக் கப்பலோடு எரிந்துபோயிருந்தன. ஆகவே கடல் வழி. வெல்ஷ் கார்ட்ஸை முதலில் ஃபியர்லெஸ் என்ற பெரிய கப்பலில் ஏற்றி ஜூன் 6 இரவு அனுப்பினார்கள். எதிரே வந்து சேர வேண்டிய இறங்குபடகுகள் வரவில்லை. கையிலிருந்த படகுகளில் பாதிப் பேரை ப்ளஃப் கோவ் என்ற இடத்தில் இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு கப்பல் சான் கார்லோஸுக்குத் திரும்பிவிட்டது. பெரிய கப்பலை மறுபடியும் அந்தப் பக்கம் அனுப்பி ஆபத்துக்கு உள்ளாக்க மேலே இருந்தவர்களுக்கு மனமில்லை. அந்த மீதிப் பேரைத்தான் மறுநாள் கலஹாட்டில் ஏற்றினார்கள்.

கலஹாட் ஏற்கெனவே அடிபட்ட கப்பல். மே 24 அன்று சான் கார்லோஸில் 1,000 பவுண்டு குண்டு ஒன்று அதற்குள் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் அதை அலுங்காமல் தூக்கி, கார்ன்ஃபிளேக்ஸ் பொட்டலங்கள் நிரப்பிய ரப்பர் படகு ஒன்றில் இறக்கி, கடலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். (பள்ளிப் பிள்ளைகளை நிற்க வைத்துப் படிக்க வைக்கிற விஷயம் வேண்டுமென்றால் இதைப் போடுங்கள்.) அதன் பிறகும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 7 மாலை மருத்துவப் படைப்பிரிவு ஒன்றையும் ஏற்ற வேண்டியிருந்ததால் கிளம்புவது மணிக்கணக்கில் தாமதமானது. கேப்டன் ஃபிலிப் ராபர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்போது கிளம்பினால் விடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். பகல் வெளிச்சத்தில் திறந்த விரிகுடாவில் நிற்க வேண்டிவரும். அடுத்த இரவு போகிறேன் என்று செய்தி அனுப்பினார். உடனே கிளம்பு என்று பதில் வந்தது. கிளம்பினார். எந்தப் போர்க்கப்பலும் துணைக்கு வரவில்லை.

ஜூன் 8, பொழுது விடியும் நேரத்தில் ஃபிட்ஸ்ராய். படையினர் போக வேண்டியது ப்ளஃப் கோவ். இரண்டுக்கும் நடுவே இருந்த பாலம் குண்டுவைத்துச் சேதப்படுத்தப்பட்டிருந்தது, சுற்றி நடந்தால் நாள் முழுக்க ஆகும். அங்கே இருந்த இறங்குபடகில் டிரிஸ்ட்ரமிலிருந்து இறக்கிய வெடிமருந்து நிறைந்திருந்தது. வெடிமருந்தோடு ஆட்களை ஏற்றக்கூடாது என்பது விதி. உடனே இறங்கிவிடுங்கள் என்று மரீன் அதிகாரி ஒருவர் வற்புறுத்தினார் என்பதும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெல்ஷ் கார்ட்ஸின் இளம் அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த உத்தரவு வேறு ஊருக்கு. பிறகு படகு வந்தபோது ஆட்கள் ஏறி இறங்கும் அதன் முன்பக்கச் சாய்தளம் பழுதாகி வேலை செய்யவில்லை. முதலில் இறங்க வேண்டியவர்கள் மருத்துவப் பிரிவினர் என்று முடிவானது. மேகம் விலகி வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஹாரியட் மலையில் இருந்த அர்ஜென்டினக் கண்காணிப்பாளர்கள் கப்பல்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கரையில் ரேப்பியர் ஏவுகணைகள் இன்னும் தயாராகவில்லை. காவலுக்கு இருந்த ஹாரியர் விமானங்கள் பிளிமத் என்ற போர்க்கப்பல் மீது நடந்த தாக்குதலால் வேறு பக்கம் திரும்பியிருந்தன. பிற்பகலில் அர்ஜென்டின ஸ்கைஹாக் விமானங்கள் தாழப் பறந்து வந்தன.

இந்த வரிசையில் எந்த இடத்தில் ‘படையினர் தவறினார்கள்’? உத்தரவு போட்டவர்கள் ஒரு பக்கம், படகு அனுப்ப வேண்டியவர்கள் ஒரு பக்கம், வான் காவல் பார்க்க வேண்டியவர்கள் ஒரு பக்கம், ஒருவருக்கொருவர் சரியான தகவல் தொடர்பும் இல்லை. கப்பலுக்குள் இருந்தவர்களிடம்தான் மாற்றும் அதிகாரம் மிகக் குறைவாக இருந்தது. விசாரணை ஆவணங்களில் சிலவற்றை 2065 வரை வெளியிடுவதில்லை என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் பழி இவ்வளவு காலம் பிழைத்தவர்கள் தலையிலேயே கிடந்தது என்பது என் அபிப்பிராயம். கடைசியில் இந்த நாட்டு அரசே, பொறுப்பு அன்று கப்பலில் இருந்த படையினர் மீதும் மாலுமிகள் மீதும் இல்லை என்று வாய்திறந்து சொல்லிவிட்டது. அரசு சொன்ன பிறகும் அருங்காட்சியகச் சுவர் பழைய பழியையே பேசுவது நியாயமா?

அப்புறம், அந்தக் காணொளி. கப்பலிலிருந்து கரும்புகை எழுவதும், ஆரஞ்சு நிற உயிர்காப்பு மிதவைகளும், ஹெலிகாப்டர்கள் புகைக்குள் நுழைவதும் ஓயாமல் திரையில் ஓடப்போகின்றன. உலகமே பார்த்த படம்; வைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹெலிகாப்டர்கள் என்ன செய்கின்றன என்று எங்கேயும் எழுதவில்லை. எரியும் கப்பலை நோக்கி அடித்துப்போகப்பட்ட மிதவைகளை, விமானிகள் மிகத் தாழ்வாக நின்று விசிறிக் காற்றாலேயே தள்ளி அப்பால் கொண்டுபோனார்கள். விளக்கம் இல்லாமல் பார்க்கிறவருக்கு அது வெறும் புகை. உடம்பில் 46 சதவீதம் வெந்தும் பிழைத்து, பிறகு நாடறிந்த மனிதரான சைமன் வெஸ்டனின் படத்தைப் பெரிதாக வைத்திருக்கிறீர்கள். அது சரியான முடிவு. அவரைப் போன்றவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் என்ற கேள்விக்கும் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும்.

‘பெயர் போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது’ என்று கேட்டிருந்தீர்கள். 48ல் நிறுத்துங்கள். டிரிஸ்ட்ரமையும் சேர்த்தால் 50. கலஹாட்டின் உடலை ஜூன் முடிவதற்குள் கடலுக்கு இழுத்துப்போய், ஓனிக்ஸ் நீர்மூழ்கி டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. அது இன்று அதிகாரபூர்வமான போர்க் கல்லறை. செத்தவர்களில் பலருக்கு வேறு கல்லறை கிடையாது. அந்த ஐம்பது பெயரும் சேர்ந்து ஒரு சாதாரணக் கதவளவு பலகையில் அடங்கும். வட்டமேசை ஓவியத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே இடம் கிடைத்துவிடும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது.

பலகையை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். ‘அரச கடற்படைக் கப்பல்’ என்பதை எடுத்துவிட்டு, சிவிலியன் மாலுமிகள் ஓட்டிய துணைக் கப்பல் அணியின் இறங்குகப்பல் என்று எழுதுங்கள். ‘48 வீரர்கள்’ என்பதை 43 படையினரும் ஐந்து மாலுமிகளும் என்று திருத்துங்கள். ‘கரையிறங்கத் தவறியதால்’ என்ற தொடரை முழுதாக நீக்குங்கள். அதற்கு மாற்றாக ஒரே வாக்கியம் போதும்: பகலில் போக வேண்டாம் என்று கேப்டன் கேட்டும், துணையில்லாமல் அனுப்பப்பட்ட கப்பல் இது.

இறந்த ஐம்பது பேரின் பெயர்களையும் அவரவர் வேலையோடு போடுங்கள். லியுங் சாவ் எலக்ட்ரிகல் ஃபிட்டர் என்று அங்கே இருக்க வேண்டும். யூ சிக் சீ போசன் என்று இருக்க வேண்டும். ஹாங்காங் மாலுமிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டும் போடாமல் சீன எழுத்திலும் போடுங்கள். எழுத்து எது என்று ஊகித்துப் போட வேண்டாம்; குடும்பங்களைத் தேடிக் கேட்டு உறுதி செய்துகொண்டு போடுங்கள். அதற்கு நாள் பிடித்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத் திறந்தாலும் எனக்குச் சம்மதம். பதக்கப் பேழையில் பால் ஹென்றிக்கும் சியு யியு நாமுக்கும் ஜார்ஜ் மெடல் கிடைத்த விவரம் வர வேண்டும். பதக்கம் கைக்குக் கிடைக்காவிட்டால் விவரம் போதும். காணொளியின் கீழ் ஹெலிகாப்டர்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். தீக்காயம் பட்டவர்கள் வரும் காட்சிகளுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கையும் வையுங்கள், அன்று அங்கே இருந்தவர்களும் இந்தக் கூடத்துக்கு வரக்கூடும்.

வாசகம் எழுதும் குழுவில் இந்தத் துணைக் கப்பல் அணியில் வேலை செய்த ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. நான் அந்த அணியில் இருந்தவன் இல்லை. இந்த நகரத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டால் வருவார்கள்.

இதற்கான பதிலைக் கண்காட்சி திறப்பதற்கு முன்பே, எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இப்போதுள்ள வாசகத்தோடுதான் திறப்பீர்கள் என்றால், அந்தக் கூடத்தில் வழிகாட்டியாக நிற்க என்னால் முடியாது. என் சனிக்கிழமை முறையை மாலுமிக் கருவிகள் வைத்திருக்கும் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வ வழிகாட்டி, ஓய்வுபெற்ற கப்பல் எலக்ட்ரீஷியன்